இடது, வலது, இடது, வலது

1

என்னிடம் ஒரு காகிதம் இருக்கிறது. அதில் நெளிநெளியாகக் கோடுகள். கண்ணசைவைக் காட்டும் கோடு மட்டும் இரண்டு இடங்களில் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, அளந்து வரைந்ததுபோல் போகிறது. அந்தக் கோட்டைப் பற்றிப் பீற்றிக்கொள்ளத்தான் இந்தக் கதை. நேரில் பீற்றிக்கொள்ள எனக்கு வாய் வராது. எழுத்திலும் கூச்சம் விடவில்லை. ஆகவே கதைக்குள் என்னைத் ‘தங்கை’ என்று எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘அதலபாதாளத்தை நோக்கி லிஃப்ட் பாய, அவள் வீறிட்டு…’

அக்கா படித்துவிட்டு, “எங்கடி வீறிட்டேன்? வாயே திறக்கல. அதான் பயமே” என்றாள்.

இரண்டாம் தொடக்கம்: அக்கா லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருட அனுபவம். நான்கு மாதத்துக்கு முன்பு, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்தபோது பெட்டி தானாக இறங்கியது. இரண்டு மாடிதான். பிரேக் பிடித்துவிட்டது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கனவில் அது நிற்பதே இல்லை. வாரத்தில் ஐந்து நாள் அதே கனவு. கூரையில் கால் வைக்கப் போனாலே உடம்பு உதறியது. அவளை அலுவலகத்தில் போன் எடுக்க உட்கார வைத்தார்கள். மாதக் கடைசிக்குள் கூரைமேல் ஏறாவிட்டால் அந்த நாற்காலியே நிரந்தரம் என்றார் மேனேஜர்.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

தங்கை, தூக்க ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். தூங்க வருபவர்களின் தலையில் பசை தடவி வயர் ஒட்டுவது அவள் வேலை. அங்கே ஒரு டாக்டர், கெட்ட கனவால் அவதிப்படுபவர்களுக்குத் தெளிவுக் கனவு காணப் பழக்கிக்கொண்டிருந்தார். கனவுக்குள் இருக்கும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துவிட்டால் அது தெளிவுக் கனவு. தெரிந்தபின் ஓடத் தேவையில்லை. திரும்பி நிற்கலாம்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சிலருக்கு இது உதவியதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. எல்லோருக்கும் கைவராது. சிலருக்கு உள்ள தூக்கமும் கெடும். ஒருத்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

“அக்கா, பகல்ல அப்பப்ப ஏதாவது நம்பரைப் பாரு. கண்ணை எடுத்துட்டு மறுபடி பாரு. மாறியிருந்தா கனவு.”

“அடி அறிவாளி! லிஃப்ட்ல நம்பர் மாறலைன்னாதான் எனக்கு பயம்.”

தங்கைக்கு அசடு வழிந்தது. மாற்று வழி சொன்னாள்: மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுக்க வேண்டும். நிஜத்தில் வராது, கனவில் வரும். பகலில் பழகிய கை கனவிலும் மூக்கைத் தேடும். அக்கா மூன்று வாரம், ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் மூக்கைப் பொத்தினாள். பக்கத்து மேஜைக்காரர் சோப்பை மாற்றிவிட்டு வந்து, “இன்னும் அடிக்குதாம்மா?” என்று கேட்டார்.

4

டாக்டர் பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நல்லவராக எழுதினால் விளம்பரம் மாதிரி இருக்கிறது. கெட்டவராக எழுத அவர் ஒன்றும் செய்யவில்லை. அவர் அக்காவிடம் சொன்னது மட்டும் போதும்:

“தூக்கத்துல கை கால் அசையாது, கண்ணு அசையும். கனவுன்னு தெரிஞ்சதும் இடது, வலது, இடது, வலதுன்னு பாருங்க. இங்க எங்களுக்குத் தெரிஞ்சிடும்.”

ஆய்வுக்கூடத்தில் காலை எட்டரை. கனவு அதிகம் வரும் நேரம். உள்ளே அக்கா தூங்கினாள். வெளியே தங்கை கணினித் திரை முன்னால் இருந்தாள். இதயத் துடிப்பு நூற்றுப் பன்னிரண்டுக்குப் போனது. விழுகிறாள். எழுப்பலாமா என்று தங்கை கதவுவரை போய்…

கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

ஒரு நிமிடம் நாற்பது விநாடி கழித்து மறுபடி அதேபோல். இந்த இரண்டாவதை யாரும் செய்யச் சொல்லவில்லை. அப்போது துடிப்பு எழுபது.

டாக்டர் அச்செடுத்த காகிதத்தைப் பார்த்தார். “இவ்வளவு சுத்தமா வந்திருக்கே! வயர் ஒட்டினது யாரு?”

தங்கை தரையைப் பார்த்தாள். தலையெல்லாம் பசையோடு எழுந்து உட்கார்ந்திருந்த அக்கா, “என் தங்கச்சி” என்றாள். “முதல் தடவை உங்களுக்கு சார். ரெண்டாவது அவளுக்கு.”

இந்த இடத்தில் ‘தங்கை’ என்று எழுதி ஒளிந்துகொள்ள மனம் வரவில்லை. அவள் சொன்னது என்னை.

5

அந்த ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் என்ன நடந்தது?

முடிவு அ: விரலைச் சொடுக்கினாள். லிஃப்ட் நின்றது. (அக்கா: “சினிமா.”)

முடிவு ஆ: விழுவதே பறப்பதாக மாறி, அவள் சிறகு… (அக்கா: “நான் மெக்கானிக்டி.”)

“அப்ப என்னதான் பண்ணே?”

“சொல்ல மாட்டேன். அது என் லிஃப்ட்.”

கோட்டைப் படிக்கத் தெரியும் எனக்கு. அதற்குள் எட்டிப் பார்க்கத் தெரியாது.

6

மாதக் கடைசி நாள். மேல்மாடியில் அக்கா லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்தாள். ஓரடி கீழே பெட்டியின் கூரை. பக்கத்தில் மேனேஜர், பின்னால் நான். அக்கா மூக்கைப் பொத்தி மூச்சை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

“நிஜம்தான்டி” என்றாள். கூரையில் கால் வைத்தாள். கால் உதறியது. மற்றக் காலையும் வைத்தாள்.

அவளுக்கு அந்த நாற்காலி இனி வேண்டாம். உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த ஒரு நிமிடம் நாற்பது விநாடிக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன், நிரப்புங்கள். சொடுக்கு வேண்டாம், சிறகு வேண்டாம். அவள் மெக்கானிக்.

இடது, வலது, இடது, வலது.

(                                        )

இடது, வலது, இடது, வலது.