அக்காவின் ஐந்து வாக்கியங்கள்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, பேக்கரி மாடியில் இருக்கும் ஒற்றை அறையில் அன்று நான் நடத்திக்கொண்டிருந்தது ‘இன்ஸ்டெட் ஆஃப்’. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று, ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர். கீழிருந்து வர்க்கி வேகும் வாசனை வந்துவிட்டால் எவனுக்கும் பாடம் ஏறாது என்பதால் தின்பதிலிருந்தே ஆரம்பிப்பது என் வழக்கம். “ஐ ட்ரிங்க் டீ இன்ஸ்டெட் ஆஃப் காபி” என்றேன். லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் ஜாபேஸ், “ஐ ஈட் பரோட்டா இன்ஸ்டெட் ஆஃப் சப்பாத்தி” என்றான். “மிஸ், இவனுக்கு எந்தப் பாடம் நடத்தினாலும் பரோட்டாதானுங்க” என்றாள் சாக்லேட் கடை தாரிணி. ஆளுக்கு ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றாவது பெஞ்சில் அக்கா எழுந்து நின்றாள்.

செல்லக்கண்ணு என் கூடப்பிறந்த அக்கா. நாற்பத்தொரு வயது. கொழுந்து பறித்துவிட்டு, கை கழுவி, ஸ்வெட்டர் மாற்றிக்கொண்டு ஒரு மாதமாக என் வகுப்புக்கு வருகிறாள். வீட்டில் என்னை ‘ஏண்டி எருமை’ என்பவள் இங்கே மறக்காமல் மிஸ் என்பாள். அன்று நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

“ஐ வென்ட் டு எஸ்டேட்... இன்ஸ்டெட் ஆஃப் மை சிஸ்டர்.”

ஜாபேஸ் கைதட்டினான். நான் குட் என்று சொல்லிவிட்டுத் திரும்பி, ஏற்கெனவே துடைத்திருந்த போர்டை மறுபடியும் துடைத்தேன். குத்திக்காட்டினாளா? ஐயோ, அந்தக் குணம் மட்டும் அவளுக்கு இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். பதிலுக்கு ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். எழுதச் சொன்னார்கள், நடந்ததை எழுதினாள், அவ்வளவுதான்.

எங்கள் அப்பிச்சி காலத்தில் கண்டியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். இங்கேயும் தேயிலைதான், இங்கேயும் எஸ்டேட் கொடுக்கும் லயன் வீடுதான். குடும்பத்தில் ஒருத்தர் பெயராவது எஸ்டேட் பதிவில் இருந்தால்தான் அந்த வீடு நமக்கு. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அம்மா மூக்கம்மா மழையில் சரிவில் விழுந்து இடுப்பொடிந்து படுத்தபோது, பெயர் கொடுக்க வேண்டியவள் நான். பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அக்காவுக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்து, அந்த வாரக் கடைசியில் சேரவேண்டியிருந்தது. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வரச்சொல்லி விசில் ஊதினார்கள். நான் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு வயிறு வலிக்கிறது என்று அழுதேன்.

“சரி, அழாத. இன்னிக்கு ஒருநாள் ஒனக்குப் பதிலா நான் போறேன்” என்று அக்கா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு போனாள். அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை. அவள் கொண்டுவந்து போட்டதில்தான் நான் டிகிரி முடித்தேன், இங்கிலீஷ் மிஸ் ஆனேன்.

இப்போது அவளுடைய இரண்டு முழங்காலும் போய்விட்டன. சரிவில் ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசியோடு பெயரை எடுத்துவிடுவார்கள், வீடும் போகும், ஊன்றுகோலோடு நடக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் எங்கே போவது? அப்போதுதான் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தோட்டத்தையும் ஃபேக்டரியையும் சுற்றிக்காட்ட ஒரு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. சமதளப் பாதையில் நடந்தால் போதும். ஆனால் இங்கிலீஷ் பேசவேண்டும். அக்கா வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கிவந்து, பெட்டியோடு அலமாரியில் வைத்தாள். வாழ்க்கையில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்ட வேலை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை இன்டர்வியூ. அக்கா அந்தப் புது ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள். துணைக்கு நானும் போய்க் கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேனேஜர் சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. மழை பெய்தால் விசிட்டர்ஸை என்ன செய்வீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். “சார், ஐ ஷோ ஃபேக்டரி இன்ஸ்டெட் ஆஃப் ஃபீல்டு” என்றாள் அக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து, பச்சை இலை எப்படிக் கறுப்பாகிறது என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியாததா அது? உதடு அசைந்தது, சொல் வரவில்லை. ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம் நான். பாழாய்ப்போன வாய்! வகுப்பில் திக்குகிறவனுக்கு எடுத்துக்கொடுத்துப் பழகிய வாய், வாடவைப்பதிலிருந்து வறுப்பதுவரை மளமளவென்று சொல்லி முடித்துவிட்டது.

மேனேஜர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

அதற்குப் பிறகு எல்லாக் கேள்வியும் என்னிடம்தான். கடைசியில் தமிழில் சொன்னார்: “ஒரே குடும்பந்தானுங்க. அக்காவுக்குப் பதிலா நீங்க வந்துருங்க. வீடும் உங்க பேருக்கு மாறிக்கும். திங்கட்கிழமை சொன்னாப் போதும்.”

வரும் வழியில் காட்டெருமை ஒன்று பாதையை மறித்து நின்றது. அது நகரும்வரை நாங்கள் இருவரும் காத்திருந்தோம். “அக்கா, நான் வேணும்னு பேசலக்கா” என்றேன்.

“நீ பேசாட்டியும் எனக்கு வந்திருக்காதுடி” என்றாள். பிறகு, “வூடு நின்னுச்சுல்ல. அம்மாகிட்ட அதைச் சொல்லு மொதல்ல” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். வகுப்பில் பார்த்தபோது அக்கா நோட்டில் நான்கு வாக்கியங்கள்தான் இருந்தன. இப்போது ஐந்தாவதும் இருந்தது. மை சிஸ்டர் கோஸ் இன்ஸ்டெட் ஆஃப் மீ. சிவப்புப் பேனாவோடு மூன்று தடவை படித்தேன். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை விசில் ஊதியது. மாதக் கடைசிவரை அவள் பெயர் இருக்கிறதே, போகத்தான் வேண்டும் என்று வாசலில் நின்று படங்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். என் செருப்புக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை ஷூ, சனிக்கிழமை ஒட்டிய செம்மண்ணெல்லாம் கழுவி, காயவைத்து, லேஸ் கோத்து இருந்தது.

“ஒனக்கும் ஆறாம் நம்பர்தானே” என்றாள்.

“அக்கா, அன்னிக்கு எனக்கு வயித்து வலி இல்லக்கா.”

பத்தொன்பது வருடமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். படங்கு முடிச்சில் அவள் கை ஒரு நொடி நின்றது.

“தெரியும்டி” என்றாள் அக்கா. “அன்னிக்கே தெரியும்.”

முடிச்சை இறுக்கினாள். கூடையை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் முழங்காலை அழுத்தியபடி, பக்கவாட்டில் காலை வைத்து வைத்துச் சரிவில் ஏற ஆரம்பித்தாள். நான் ஷூவைக் கையில் எடுத்தேன். உள்ளே இன்னும் லேசாக ஈரம் இருந்தது.