வெளியே நின்றால் ஜெயிக்கும்

தோளில் சுமந்து வந்த ஆக்சிஜன் சிலிண்டரை அண்ணன் வீட்டு வாசல் கல்லில் மெதுவாக இறக்கி வைத்தான். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. உள்ளேயிருந்து அண்ணி வந்தாள். சிலிண்டரைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டி உருட்டி உள்ளே கொண்டுபோனாள். கல் பட்டறையில் நாலு பேராய்ப் பலகைக்கல் தூக்கும்போது பாதி கனத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொள்கிற ஆள் அவன். ஒரு பொம்பளை இரும்போடு மல்லுக்கட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். கை துறுதுறுத்தது. கால் மட்டும் அசையவில்லை.

பட்டறையில் அவனுக்கு வாசப்படி என்று பெயர். பெற்றவள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம்தான்.

பெயர் வந்த கதை சின்னது. அண்ணனுக்குக் கல்யாணமான புதுசு. ஊர் டீம் முதல் தடவையாகக் கால்பந்துக் கோப்பையின் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. பட்டறை ஆட்கள் மொத்தமும் இந்த வீட்டு முன்னறையில்தான் டிவி முன்னால் குவிந்து கிடந்தார்கள். டீம் ஒரு கோல் பின்தங்கியிருந்த நேரத்தில் தம்பிக்காரன் மூத்திரம் முட்டி வெளியே போனான். போன கையோடு உள்ளே ஒரே கூச்சல், நம் டீம் கோல். அரைகுறையாக முடித்துக்கொண்டு ஓடிவந்து தலையை நீட்டினான். எதிர் டீம் இன்னொன்று போட்டுவிட்டது. அண்ணன் மெல்லத் திரும்பி, கட்டைவிரலை வாசல் பக்கம் காட்டி, "டேய், நீ வெளியே போ" என்றான். அறையே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டேதான் போனான். அதற்கப்புறம் நம் டீம் இரண்டு கோல். கோப்பை வந்தது.

அன்றைக்குப் பிடித்தது. டீமுக்கு ஆட்டம் என்றால் வாசப்படி வெளியே நிற்கவேண்டும். மெஷின் ஓட்டுகிறவன் சொல்வான்: "எல்லா டீம்லயும் பதினோரு பேருடா. நமக்குப் பன்னெண்டு. பன்னெண்டாவது ஆளு சாக்கடை ஓரமா நிக்கிறான்." வெளியே நின்றும் டீம் தோற்ற ஆட்டங்கள் எத்தனையோ உண்டு. அதற்கெல்லாம் காரணம் கிடைத்துவிடும். சுவரில் சாய்ந்திருப்பான், சிகரெட் பற்றவைத்திருப்பான், ஜன்னல் வழியாக ஓரக்கண்ணால் பார்த்திருப்பான். அவனே ஒப்புக்கொண்டு, ஆமாண்ணே, லேசா எட்டிப் பாத்துட்டேன் என்று தலையைச் சொறிவான். இப்படியாக, டீம் போட்ட ஒரு கோலையும் அவன் கண்ணால் பார்த்ததில்லை. காதால் கேட்டதுதான். முதலில் நாற்காலிக்கால் தரையில் கீறும். அப்புறம் ஒரு மூச்சு நேரம் எல்லாரும் செத்த மாதிரி கிடப்பார்கள். அண்ணன் உள்ளங்கையால் கட்டிலின் இரும்புக்கம்பத்தில் ஓங்கி அடிக்கும் 'ணங்' வரும். அதற்குப் பின்னால்தான் கூச்சல். அந்த 'ணங்'குக்காக மழையில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறான். யாரும் கேட்டால் கேலிக்குத்தான் நிற்கிறேன் என்பான். உள்ளுக்குள் அப்படி இல்லை. படிப்பில்லை, தொழிலில் பெரிய கை என்று பெயரில்லை, கட்டிக்க ஒருத்தி அமையவில்லை. உலகத்தில் ஒரு காரியம் தன்னால் நடக்கிறது என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

அண்ணன் பட்டறைக்கு உள்ளே வேலை, இவன் முற்றத்தில். வெட்டி வந்த கல்லின் விளிம்பைக் கைமெஷின் வைத்து மழுக்குவது அண்ணன் வேலை. தண்ணீர் விட்டு மழுக்கினால் தூசி பறக்காது. ஆனால் வேலை இழுக்கும் என்று முதலாளி விடமாட்டார். தூசி மாவு மாதிரி எழும்பி முடி, புருவம், இமை எல்லாம் வெள்ளையாக அப்பிவிடும். வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அண்ணன் அதற்குள் நின்றான். சாயங்காலம் வெளியே வரும்போது, ஒரே நாளில் கிழவனாயிட்டேன் பாரு என்று சிரிப்பான். முகம் கழுவினால் மறுபடி வாலிபனாகிவிடுவான். நுரையீரலைத்தான் கழுவ முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வாசப்படி மூச்சிரைக்க ஓடினான். அண்ணன் படுக்கைப் பக்கத்தில் போய் நின்றதுதான் தாமதம், அண்ணனுக்கு மூச்சு அடைத்து நர்சுகள் ஓடிவந்தார்கள். இரண்டாம் தடவை உள்ளே போய் நின்றபோது டாக்டர் வந்து, இனிமேல் இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றார். அதற்கு அப்புறம் அவன் போகவில்லை. போகாத நாளில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் கஞ்சி குடித்தான் என்று அண்ணி சொன்னாள். அது போதாதா. வீட்டுக்குக் கொண்டுவந்தபின் தினமும் வேலை முடிந்து வருவான். மருந்து, பால், சிலிண்டர் எது என்றாலும் வாசல் கல் வரைக்கும்தான். அந்தக் கல்லும் பட்டறையில் மூலை உடைந்து ஒதுக்கிய பலகைக்கல்தான். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்து போட்டது. அதன்மேல் ஏறி, சுவரில் சாயாமல், சிகரெட் பிடிக்காமல், ஜன்னல் பக்கம் திரும்பாமல் நிற்பான். உள்ளே இருமல் கேட்கும். இருமல் கேட்கிறவரைக்கும் ஆட்டம் கையை விட்டுப் போகவில்லை என்று இருப்பான்.

அண்ணி முதலில் கெஞ்சிப் பார்த்தாள். அப்புறம் திட்டினாள். அப்புறம் விட்டுவிட்டாள். அவளுக்கும் அவளுடைய கணக்கு ஒன்று இருந்தது. விடிகாலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு சாமி முன்னால் நின்று கும்பிடுவாள். கொஞ்ச நாளாக அதை நிறுத்தியிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

"நான் அங்க நின்னு பாத்தேன், நீங்க இங்க நின்னு பாக்குறீங்க. அவருக்கு என்னமோ நாளுக்கு நாள் எளைச்சுக்கிட்டேதான் போகுது, தம்பி."

அவன் அதற்கும் நகரவில்லை. நான் நகர்ந்தால் இந்த அளவும் இருக்காது அண்ணி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

இன்றைக்கு ஞாயிறு. சாயங்காலம் டீமுக்கு வருஷத்தின் கடைசி ஆட்டம். ஜெயிக்காவிட்டால் கீழ் வரிசைக்கு இறக்கிவிடுவார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் டிவி ஓடியது. அண்ணி டிவிப் பெட்டியைத் தூக்கிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். உங்களைக் கூப்பிடுகிறார் என்றாள். அவன் தலையை ஆட்டினான். இன்றைக்குப் போய்க் கூப்பிடுகிறாரே என்று முனகினான். அண்ணி உள்ளே போனாள், திரும்பி வந்தாள். டீம் தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டும் என்கிறார் என்றாள். டீமுக்காகவா நிற்கிறேன் என்று அவன் சொல்லவில்லை.

அப்போதுதான் ஜன்னல் வழியாக அண்ணன் குரலே வந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கி வந்தது.

"டேய்... உன் மொகம்... மறந்துக்கிட்டே வருதுடா எனக்கு."

வாசப்படி உள்ளே போனான்.

கட்டிலில் கிடந்தது அண்ணனா என்று இரண்டாம் தடவை பார்த்தான். மூக்கில் குழாய். கன்னம் உள்ளே ஒட்டி, போர்வைக்கடியில் ஆள் இருக்கிற மேடே தெரியவில்லை. நகக்கண்ணில் மட்டும் இன்னும் கல்தூள் சாம்பல் நிறமாக ஒட்டியிருந்தது. இவன் கட்டில் ஓரத்தில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தான். அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்து, நரைச்சுப்போச்சே உனக்கு, கல்தூளா என்று கேட்டான். இல்லண்ணே, நரைதான் என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அண்ணனுக்குச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வாசப்படி பாதி எழுந்துவிட்டான். அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் பலமில்லை. உதறினால் வந்துவிடும். அதனாலேயே உட்கார்ந்தான்.

ஆட்டம் இரு பக்கமும் ஒரு கோலும் இல்லாமல் ஓடியது. அவன் டிவியைப் பார்க்கவில்லை. அண்ணன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீமா, அண்ணனா, எது முதலில் விழப்போகிறது என்று காத்திருந்தான். இரண்டும் விழும், தான் உள்ளே வந்தாகிவிட்டது.

அண்ணன் கண் திடீரென்று அகலமானது. இவன் திரும்பினான். எதிராளி கோல் முன்னால் ஒரே கால் குவியல். பந்து யாரோ ஒருவன் முழங்காலில் பட்டு, வழி தவறியது போல உருண்டு, கோட்டைத் தாண்டிப் போய் வலையில் சும்மா சாய்ந்தது. தெரு முழுக்க ஒரே கூச்சல். நம் டீம் கோல். இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டபோது எத்தனை பெரிசாக இருந்தது. அண்ணன் கையைத் தூக்கிக் கட்டில் கம்பத்தில் அடித்தான். விரல் மோதிரம் பட்டு 'டிக்' என்றது.

"பாத்தியா?"

"பாத்தேண்ணே."

தான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே நம் டீம் கோல் விழுந்துவிட்டதே. அப்படியென்றால் இத்தனை நாளும் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருந்திருக்கலாம். அது ஒரு பக்கம் போகட்டும். வாசலில் நின்று தான் பிடித்து வைத்திருப்பதாக நினைத்த இந்த மூச்சை யாருமே பிடித்திருக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அது பாட்டுக்கு நிற்கப்போகிறது. இனி எங்கே போய் நிற்பது?

கொஞ்ச நேரத்தில் அண்ணனுக்கு இழுப்பு வந்தது. உதடு கறுத்தது. அண்ணி ஓடிவந்து சிலிண்டர் திருகைத் திறந்தாள். அது முன்பே முழுக்கத் திறந்துதான் இருந்தது. அவள் திருகின்மேல் கையை வைத்தபடியே நின்றாள். வாசப்படி எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கையைப் பிசைந்தான். அந்த இழுப்புக்கு நடுவிலும் அண்ணன் அவன் முகத்தையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கட்டைவிரலை மெல்ல எழுப்பி வாசல் பக்கம் காட்டினான்.

"டேய்... நீ வெளியே போ."

உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு. வெளியே நின்றால் ஜெயிக்கும் என்பது பொய் என்று அண்ணனுக்குத் தெரியும். தம்பிக்கும் தெரியும். அண்ணி மட்டும் அவனை நிமிர்ந்து பார்த்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

"போறேண்ணே" என்றான். போனான்.

மூலை உடைந்த கல்லின்மேல் ஏறி நின்றான். சாயவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எதிர்வீட்டுக் கதவிடுக்கில் டிவி வெளிச்சம் நீலமாக அசைந்தது. திடீரென்று தெரு மொத்தமும் கத்தியது. யாரோ கோல் போட்டுவிட்டார்கள். சந்தோஷமா, அய்யோவா என்று அவனுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஆனதே இல்லை. கூச்சல் அடங்கியது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கட்டில் இரும்பு ஒலிக்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.