திரேசா வீடு திரும்பவில்லை

"ஏன் பிள்ளை, கடைசியிலை அவளைக் கொண்டுபோய் வீட்டிலை இருத்திப்போட்டாய்?"

குருநகர்ச் சந்தையில் மீன் விற்கும் லூர்த்தம்மா இப்படிக் கேட்டபோது லவீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் வரைந்து இணையத்தில் இலவசமாகப் போட்ட சித்திரக்கதையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. தகப்பன் இறந்த பிறகு, ஊரே தடுத்தும் கேளாமல் அவருடைய படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற திரேசா என்பவளின் கதை அது. ஆனால் லூர்த்தம்மாவிடம் இருப்பது வெறும் பொத்தான் போன்.

"எங்கை அன்ரி வாசிச்சனீங்கள்?"

லூர்த்தம்மா கையைத் துடைத்துவிட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தாள். கோயில் திருவிழாவில் வாங்கியதாம். வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. அட்டையில் 'றோய் வெளியீடு' என்றிருந்தது. ஊரார் சூழ நின்று ஏச, திரேசா தலைகுனிந்து நிற்கும் படத்தோடு கதை முடிந்திருந்தது. அடியில் யாரோ புதிதாகச் சேர்த்த ஒரு வரி: 'திரேசா வீடு திரும்பினாள்.' அவள் படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் பக்கத்தைக் காணவில்லை. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் லவீனா முழுக் கதையையுமே வரைந்திருந்தாள்.

நேரே றோயின் கடைக்கு நடந்தாள். மீன் கூடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு லூர்த்தம்மாவும் பின்னால் வந்தாள். போட்டோக் கொப்பி எடுப்பது, புதுப்படங்களைப் பென் ட்ரைவில் ஏற்றிக் கொடுப்பது என்று எப்போதும் சனம் நிற்கிற கடை அது.

"ஆரைக் கேட்டு இந்தப் புத்தகத்தை அச்சடிச்சனீங்கள், றோய் அண்ணை?"

றோய் சிரித்தார். "நீதானே சும்மா போட்டனி. ஆரும் கொப்பி எடுக்கலாம் எண்டு நீயே எழுதி வைச்சிருக்கிறாய். பிறகென்ன களவு?"

"கொப்பி எடுக்கலாம் எண்டனான். பேரை எடுக்காதேங்கோ, கதையை வெட்டாதேங்கோ எண்டும் அதுக்குக் கீழை எழுதினனான். அது மட்டும் கண்ணிலை படேல்லையோ?"

"கோயிலடியிலை விக்கிற புத்தகம் பிள்ளை. ஊரை எதிர்க்கிறவளின்ரை கதையை ஆர் வாங்குவினம்?" என்றவர், நின்ற சனத்துக்கும் கேட்கக் குரலை உயர்த்தினார். "நியாயம் கதைக்கிறா! போன மாசமும் என்னட்டைப் புதுப்படம் ஏத்திக்கொண்டு போனவ. காசு குடுத்துப் பாக்கவேண்டிய படம். அதை எடுத்தவையிட்டைக் கேட்டனியோ?"

இரண்டொருவர் சிரித்தார்கள். லவீனாவுக்கு முகம் சுட்டது. அவர் சொன்னது உண்மை.

"ஓம், ஏத்தினனான். அது பிழைதான், இனி ஏத்தமாட்டன். ஆனா என்ரை பிழையைக் காட்டி உங்கடை பிழையை மூடேலாது."

மேசையில் கிடந்த தடித்த கறுப்புப் பேனாவை எடுத்தாள். லூர்த்தம்மாவின் புத்தகத்தில் அந்தக் கடைசி வரியை வெட்டினாள். வெறுமையாக இருந்த பின்னட்டையில் அலையைக் கீறினாள், படகைக் கீறினாள், இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைத் தள்ளும் திரேசாவைக் கீறினாள். அடியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். பிறகு விற்பனைக்கு அடுக்கியிருந்த புத்தகங்களில் ஒன்றை இழுத்தாள்.

"உது என்ரை சாமான்! பொலிசுக்குப் போன் அடிப்பன்!"

"அடியுங்கோ. மரியநாயகம் லவீனா எண்டு சொல்லுங்கோ. அவையாவது என்ரை பேரைச் சரியாய் எழுதட்டும்."

றோய் போனைக் கையில் எடுத்தார், அடிக்கவில்லை. லூர்த்தம்மா தன் புத்தகத்தைத் தூக்கிச் சனத்துக்குக் காட்டினாள். "இதுதான் கதையின்ரை முடிவு. வாங்கின ஆக்கள் எல்லாரும் கொண்டந்து கீறுவியுங்கோ!" வரிசையில் நின்ற ஒரு பெண் தன் புத்தகத்தை எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள். றோய் மிச்சப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

வாங்கியவர்கள் கடைக்கு வந்து முடிவைக் கேட்கத் தொடங்கவே, அடுத்த கிழமை அவர் விடுபட்ட பக்கத்தை அச்சடித்து லவீனாவின் பார்வைக்கு அனுப்பினார். அவள் பெயர் மூலையில் எறும்பளவில் இருந்தது. வாசிக்கக்கூடிய அளவில் போடச் சொல்லி அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் பிறகு பெயரைப் பெரிதாகப் போடவுமில்லை, புத்தகத்தை விற்கவுமில்லை.

"இனிக் காசு கட்டினவைக்கு மட்டும் காட்டடி" என்றார்கள் சிநேகிதிகள்.

"றோய் அண்ணைக்குப் பயந்து நான் ஏன் மற்றச் சனத்துக்குப் பூட்டுப் போடவேணும்?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே புதுக்கதை ஒன்றை இலவசமாகவே ஏற்றினாள்.