உட்காரச் சொன்ன முதலாளி

விற்பனைப் பெண்கள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது துணிக்கடை முதலாளியின் கொள்கை. கடையில் இருந்தது ஒரே நாற்காலி. அது கல்லாவில் அவருடையது. கடைக்கே மூத்தவளான பெரியக்கா, கால் வீக்கம் தாங்காமல் மாதக் கடைசியோடு வேலையை விடுவதாகச் சொன்னபோதுகூட அவருக்கு உறைக்கவில்லை. அவள் போனால் கை ஒடிந்த மாதிரி ஆகுமே என்றுதான் கவலைப்பட்டார்.

அந்தக் கவலையோடே வெளிநாட்டிலிருக்கும் மகனைப் பார்க்கப் போனார். அவனோ அப்பாவை அரண்மனை அரண்மனையாக நடக்கவிட்டான். கடைசியில் ஒரு கடைக்குள் நுழைந்தபோது பாதம் இரண்டும் பன்னாக வீங்கியிருந்தன. கல்லாவில் ஒரு பெண் சொகுசாக உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன திமிர் என்று இவர் மனதுக்குள் திட்டி முடிப்பதற்குள் தலை சுற்றியது. அவள்தான் ஓடிவந்து தன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தாள். போன உயிர் திரும்பி வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. அவளிடம் கொடுக்க ஒரு நாற்காலி இருந்தது. நம் கடைப் பெண்கள் எதைக் கொடுப்பார்கள்? அவர்களுக்குத்தான் யார் கொடுத்தார்கள்?

ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு ஸ்டூல் வாங்கிப்போட்டார். ஒருத்தியும் உட்காரவில்லை. முதலில் உட்காருகிறவளுக்குச் சீட்டுக் கிழியும் என்று கடைக்குள் கிசுகிசு. உட்காருங்கள் என்று அவர் சொன்னதுகூட வழக்கமாகத் திட்டுகிற அதே குரலில் வந்து தொலைத்தது, அவர்கள் இன்னும் விறைப்பாக நின்றார்கள். தானே ஒவ்வொரு ஸ்டூலிலும் உட்கார்ந்து காட்டினார். கால் ஆடுகிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வேறு வழியில்லாமல் பெரியக்காவைக் கூப்பிட்டு, கண் காணாத தேசத்தில் தான் சுருண்ட கதையைக் கூச்சம் பார்க்காமல் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் அவர் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் விருட்டென்று எழுந்தார்கள். பெரியக்கா மட்டும் கால் நீட்டி உட்கார்ந்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பழைய கோபம் மூக்கு நுனிவரை வந்தது. அப்புறம்தான் புரிந்தது. சிரித்துக்கொண்டே அவள் பக்கம் போனார்.

“ஏம்மா, மாசக் கடைசியோட நிக்கப்போறேன்னியே?”

“எங்க நிக்கறது முதலாளி, உக்காந்துட்டேனே” என்றாள், எழுந்திருக்காமலேயே.