மூத்தவள் வைத்த விஷம்

அந்த சீரியலுக்குக் கதை எழுதுகிறவன் எவனோ, அவன் வாழ்க்கையில் யாருக்காவது ஒரு வாய் சோறு ஊட்டியிருக்கிறானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஊட்டியிருந்தால் இப்படி எழுத அவனுக்குக் கை வந்திருக்காது.

நான் துணிக்கடைகளுக்கு ஆல்டரேஷன் தைத்துக் கொடுப்பவள். வீட்டு முன்னறையில் என் மிஷின், எதிர்ச் சுவரில் டிவி, இரண்டுக்கும் நடுவே அப்பாவின் கட்டில். பேன்ட் நீளத்தைக் குறைத்துக்கொண்டே இந்தத் தொடரை முதல் நாளிலிருந்து பார்த்து வருகிறேன். அப்போது அதில் கதை என்று ஒன்று இருந்தது. மனைவியை இழந்த ஒரு பெரியவர், அவருடைய மகன்கள், மருமகள்கள். மூத்த மருமகள்தான் அந்த வீட்டுக்கு அச்சாணி. மாமனார் அவளை ‘மூத்தவளே’ என்றுதான் கூப்பிடுவார். என்ன சண்டை நடந்தாலும் சாயந்திரச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேஜைக்கு வந்தாக வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது வந்து உட்காருவார்கள். யாரும் யாரையும் கடத்தவில்லை, கொல்லவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் சரியில்லை என்பதையே ஒரு வாரம் காட்டினார்கள், நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

அப்பாவுக்கு மறதி நோய் வந்தது அதற்குப் பிறகுதான். முதலில் வீட்டுக்கு வரும் வழி மறந்தது. அப்புறம் தம்பி யாரென்று தெரியாமல் போனது. கடைசியில் அவர் நினைவிலிருந்து நானும் போனேன். பெற்ற மகளை “நீங்க யாரும்மா?” என்று கேட்டால் எப்படி இருக்கும்! ஒருநாள் நான் தட்டை நீட்டியபோது திரையில் அந்த மூத்த மருமகள் பரிமாறிக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வச்சிட்டுப் போ, மூத்தவளே” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என் பெயர் போனால் போகிறது, கூப்பிட ஒரு பெயராவது கிடைத்ததே. அன்று முதல் அவர்கள் மேஜையில் உட்கார்ந்தால் இவரும் சாப்பிடுவார். அவர்கள் எழுந்து கை கழுவினால் இவரும் கையை நீட்டுவார்.

பிறகு எழுதுகிற ஆள் மாறிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. செத்துப்போன இரண்டாவது மகன் வேறு முகத்தோடு திரும்பி வந்தான். ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டார்கள், அவ்வளவுதான், நாமும் நம்ப வேண்டும். சின்ன மருமகளுக்குத் தலையில் அடிபட்டு எல்லாம் மறந்தது, இன்னொரு தடவை அடிபட்டு எல்லாம் நினைவுக்கு வந்தது. மறதி என்றால் என்னவென்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, பாவிகளா!

“இன்னுமா இந்தக் கண்றாவியப் பாக்கறீங்க?” என்று மாடி வீட்டு டீச்சர் கேட்டாள். ஒரு காலத்தில் என்னோடு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தவள்தான்.

“எனக்கு வேற வழியில்ல டீச்சர். அதுங்க சாப்பிட்டாதான் எங்கப்பா சாப்பிடுவார்” என்றேன். எல்லாக் கூத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். மேஜையில் உட்காருகிறார்களா, போதும்.

போன வாரம் அந்த மேஜையிலேயே கை வைத்தார்கள். மூத்தவள் மாமனாரின் சூப்பில் விஷம் கலந்தாள். எதற்காம்? சொத்துக்காகவாம். இத்தனை வருஷம் அந்த வீட்டுக்கு மாடாய் உழைத்தவள், ஒரே நாளில் புருவத்தைத் தூக்கி, கண்ணை உருட்டி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். மாமனாருக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று மாற்று மருந்தை முன்னாலேயே விழுங்கிவிட்டு வந்து, அந்த சூப்பை முதலில் தானே குடித்தும் காட்டுகிறாள். “அடப்பாவி, அவ அப்படிப்பட்டவ இல்லடா!” என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். ஆத்திரத்தில் கையிலிருந்த பேன்ட்டின் காலையே வாய்மூடித் தைத்துவிட்டேன்.

அதைப் பிரிக்காமல் எழுந்து அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வந்தேன். அப்பா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“ஒரு வாய்ப்பா.”

“நீ சாப்பிடு முதல்ல.”

ஒரு கரண்டி எடுத்து அவர் எதிரிலேயே சாப்பிட்டேன்.

“நடிக்காத. மாத்து மருந்து முழுங்கிட்டுத்தானே வந்திருக்க?”

இத்தனை வருஷம் அவர் எனக்கென்று வைத்திருந்த ஒரே பெயரில் விஷத்தைக் கலந்துவிட்டார்கள்.

மறுநாளும் சாப்பிடவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. குழாயிலிருந்து நேராகப் பிடித்துக் கொடுத்தால் தண்ணீர் மட்டும் குடித்தார். டீச்சர் இறங்கி வந்து ஊட்டிப் பார்த்தாள், “இவ அனுப்பின ஆளு” என்று தட்டைத் தள்ளினார். போனில் பழைய எபிசோட் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டேன், எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிடுகிற ஒன்று. மூத்தவள் கரண்டியைத் தூக்கியதும் அப்பா அலறினார். “சாப்பிடாதீங்கடா! வேண்டாம்டா!” என்று திரையிலிருந்த பிள்ளைகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நல்லதாக இருந்த பழசையும் சேர்த்து நாசம் பண்ணிவிட்டான் அந்தப் புண்ணியவான்.

சேனலுக்குப் போன் போட்டேன். ஒரு சின்னப் பெண் தேனாகப் பேசினாள். “உங்க கருத்த மேல சொல்றோம் மேடம். இன்னும் நிறைய திருப்பம் இருக்கு, தொடர்ந்து பாருங்க.”

“என்னம்மா திருப்பம்? விஷம் வச்சதுல எங்கப்பா சாகக் கிடக்கறார்!”

“அச்சச்சோ, எந்த எபிசோட்ல மேடம்?”

போனை வைத்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டேன்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “இன்னிக்குள்ள சாப்பிடலைன்னா காலையில கூட்டிட்டு வந்துடுங்க. மூக்குல ட்யூப் போட்டுடலாம்.” போன தடவை ஆஸ்பத்திரியில் ஊசியைப் பிடுங்குகிறார் என்று அப்பாவின் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். “நான் என்ன திருடினேன்? அவுத்து விடுங்க” என்று குழந்தை மாதிரி அழுதார். மணிக்கட்டில் அந்தத் தடம் ஆற வெகுநாள் ஆனது. இன்னொரு தடவை அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

தம்பிக்குப் போன் பண்ணி ஓவென்று அழுதேன். அவன் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் செக்யூரிட்டி. எப்போதும் குளித்து உடை மாற்றித்தான் வருவான். அன்றைக்கு என் அழுகையைக் கேட்டு, போட்ட யூனிஃபார்மோடு தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து வாசலில் நின்றான்.

அப்பா அவனைப் பார்த்ததும் கட்டிலில் கையை ஊன்றி நிமிர்ந்தார். எத்தனையோ நாளாக அந்த முகத்தில் காணாத தெளிவு.

“வந்துட்டீங்களா போலீஸ் ஐயா? இவதான். சூப்புல கலந்தவ இவதான்.”

“அப்பா, நான் உங்க…” என்று ஆரம்பித்தான் தம்பி. நான் அவனை முந்திக்கொண்டேன். யோசிக்கவெல்லாம் இல்லை, வாய் தானாகச் சொன்னது.

“ஆமாங்க. நான்தான் கலந்தேன்.”

“அக்கா, உனக்கென்ன பைத்தியமா?” என்று முணுமுணுத்தான்.

“பிடிடா கையை” என்றேன் பல்லிடுக்கில். “இழுத்துட்டுப் போடா.”

கழுத்தில் தொங்கிய இஞ்சுடேப்போடு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனான் என் தம்பி. இழுத்த இழுப்பில் என் வளையல்கள் சத்தம் போட்டன. அப்பா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அவன் உடைந்து போனான். அழ நேரமில்லை. சோற்றைக் குழையப் பிசைந்து, புதுத் தட்டில் வைத்து, அவன் கையில் திணித்தேன்.

“ஸ்டேஷன்ல சமைச்சதுன்னு சொல்லு. நீ யாருன்னு வாயத் திறந்து கெடுத்துடாத. போ.”

கதவுக்குப் பின்னால் காதை வைத்து நின்றேன். தம்பி ஏதோ சொன்னான். அப்புறம் கரண்டி தட்டில் உரசியது. இன்னொரு முறை உரசியது. மெல்லுகிற சத்தம் கேட்டது, பல் போன வாய் மெல்லுகிற சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா அது! முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

“ஐயா” என்றது அப்பாவின் குரல்.

“சொல்லுங்க.”

“அவளை அடிச்சிடாதீங்க.”

“இல்லங்க, அடிக்க மாட்டோம்.”

“தரையில உக்கார வைக்காதீங்க. கால் வீங்கிடும் அவளுக்கு. இடது கால். சின்ன வயசுல மாடிப்படியில விழுந்துட்டா, நான்தான் தூக்கிட்டு ஓடினேன்.”

சீரியலில் அவள் எந்த மாடிப்படியிலும் விழவில்லை. அத்தனை எபிசோடும் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும். விழுந்தது நான். தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான்.

தாழ்ப்பாளில் என் கை போய்விட்டது. ஓடிப்போய் அவர் மடியில் தலையை வைத்து, அப்பா, நான்தாம்ப்பா அது, பாருங்கப்பா என்று கதற வேண்டும் போலிருந்தது. கதவு இடுக்கு வழியாகத் தம்பியைப் பார்த்தேன். அவன் கண்ணால் என்னைத் தடுத்தான். அப்பா அடுத்த வாய்க்கு வாயைத் திறந்துகொண்டிருந்தார். தட்டில் இன்னும் பாதி இருந்தது.