வாய்க்கு வராத ‘யூ’

லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவளுக்கு மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் தேய்ந்துவிட்டது. கீழே வரவேற்பு மேஜையில் ஒரு நாற்காலி காலியானது. ஆங்கிலம் பேசினால் அது அவளுக்குத்தான். மானேஜரே வாடிக்கையாளராக நடித்துச் சோதித்தார். அவளைவிட வயதில் சின்னவர்.

“சார் நேம்? சார் ஸ்டே ஹவ் மெனி டேஸ்?”

“எத்தனை சாரும்மா? ‘யூ’ன்னு கேளு. வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?”

வார்த்தை தெரியாமலில்லை. கணவன் ஒரு வாரமாக வீட்டில் எதிரே நின்று, “என்னையே பார்த்துச் சொல்லு, பழகிடும்” என்று கெஞ்சினான்.

“போங்க, உங்களைப் போய் ‘நீ’ன்னு சொல்றதா?”

“‘நீங்க’ன்னாலும் இங்கிலீஷ்ல ‘யூ’தான்டி!” என்று தலையில் அடித்துக்கொண்டான். அது அவள் புத்தியில் ஏறியது, நாக்கில் ஏறவில்லை.

“கடைசித் தடவை” என்றார் மானேஜர்.

“சார்... சார் கமிங் ஃப்ரம்?”

“உனக்கு இது சரிப்படாது. நீ மேல போய்க் கோடி ரூமைப் பாரு.”

அவர் வாயில் ‘நீ’ தடங்கலில்லாமல் வந்தது.

“சரிங்க சார்” என்று விரிப்புகளை அள்ளிக்கொண்டாள். முதல் படியிலேயே முழங்கால் வலித்தது. இனி யாரும் கீழே கூப்பிடப் போவதில்லை.