நெற்றியில் நல்லெண்ணெய்

கிருசாந்தி எண்ணெய்க் கிண்ணத்துக்குள் விரலைத் தோய்த்துக்கொண்டு அப்பாவின் தலைமாட்டுக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் ஹெர் பெக் குறுக்கே கையை நீட்டினார்.

“மூன்று சொட்டுப் போதும், தயவுசெய்து. பெட்டிக்குள் ஈரம் இறங்கக் கூடாது.”

ஜெர்மன் சவ அடக்க நிறுவனத்து ஆள் அவர். நல்ல மனிதர்தான். காலையிலிருந்து ஒவ்வொன்றையும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே தடுத்துக்கொண்டிருந்தார். மண்டபத்துக்குள் பேரப்பிள்ளைகள் பந்தம் கொளுத்தக் கூடாதாம். அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் பற்றரி மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உரலில் சுண்ணம் இடிக்கலாமாம்; பக்கத்து மண்டபத்தில் வேறொரு செத்தவீடு நடப்பதால் சத்தமில்லாமல் இடிக்க வேண்டுமாம். சத்தமில்லாமல் உலக்கை போடுவது எப்படி என்று ஐயருக்கே தெரியவில்லை. ஒன்றரை மணித்தியாலத்துக்கு எடுத்த மண்டபத்தில் நாற்பது நிமிடம் இப்படியே ஓடிவிட்டது.

கிருசாந்தி மூன்று சொட்டு வைத்தாள். குளிர் அறையிலிருந்து வந்த நெற்றியில் எண்ணெய் வழியாமல் வைத்த இடத்திலேயே நின்றது. எள்ளு மணம் எழுந்தது. இதே எண்ணெய்க்காக அப்பா ஒருமுறை தண்டனை வாங்கியவர் என்ற நினைப்பு அவளுக்கு வந்தது.

அப்பா அரியரத்தினம் பழம்பொருள் வைக்கிற நகர நூதனசாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவர். முதலில் நிலவறைக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் வேலை. பிறகு வாசலில், வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டி இலக்கத் துண்டு கொடுக்கும் வேலை. கீழிருந்து வாசலுக்கு அவர் கேட்டுப் போகவில்லை, அனுப்பினார்கள். போன வருடம் பென்சன் எடுத்தார். இந்த வருடம் இருதயம் நின்றுவிட்டது.

நூதனசாலையிலிருந்து மலர்வளையம் வந்திருந்தது. இயக்குநரும் வந்திருந்தார். ஃப்ராவ் டொக்டர் ஹோல்ட்மன் பதவிக்கு வந்து மூன்று வருடம்தான். அப்பாவைத் தன் கோட்டை வாங்குகிற ஆளாகத்தான் அவருக்குத் தெரியும். கறுப்பு நாடா கட்டிய தடித்த புத்தகம் ஒன்றை அவர் அம்மாவின் மடியில் வைத்தார். புதிய கண்காட்சிக்குப் போட்ட நூலாம். அம்மா ரஞ்சினி அதைப் பார்க்காமலே மகளிடம் நீட்டினாள். அட்டையில் இருந்த மர முகத்தைக் கிருசாந்திக்கு அடையாளம் தெரிந்தது.

ஐயர் தேவாரத்தை நிறுத்தி இடம் விட, ஹோல்ட்மன் பேசினார். நல்ல குரல். “ஹெர் அரியரத்தினம் தூரத்து நாட்டிலிருந்து வந்தார். அவர் காத்த பொருள்கள் அவருக்கும் அந்நியமானவை. நேற்று அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். முன்பொருமுறை ஒரு பொருளைக் கையாள்வதில் தவறு நடந்திருக்கிறது. அதற்கு அவர் எழுதிய பதில் என்னை நெகிழ வைத்தது. ‘நான் அறியாமையால் இப்படிச் செய்தேன்’ என்று எவ்வளவு பணிவாக எழுதியிருக்கிறார்! அந்த அறியாமையிலிருந்து எங்களோடு சேர்ந்து அவர் வளர்ந்தார்.”

கிருசாந்திக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. வந்த ஆத்திரத்தில் பாதி ஹோல்ட்மன் மேல். மீதிப் பாதி அவள் மேலேயே. ஏனென்றால் அந்தக் கடிதத்தை எழுதியது அவள்.

ஒன்பது வயதிலிருந்தே வீட்டுக் கடிதமெல்லாம் அவள் கையால்தான். டொக்டருக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு, எந்த அன்ட்ராக், எந்த விண்ணப்பம் என்றாலும் அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். இந்த ஊரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித் தாய் தகப்பனுக்குக் குமாஸ்தா வேலை பார்த்தவர்கள்தான். அந்த எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது அவளுக்குப் பதினேழு வயது.

களஞ்சியத்தில் ஒரு மர உருவம் இருந்தது. ஒரு முழ உயரம், குந்தியிருக்கும் மனிதன், அகன்று உருண்ட நெற்றி, இரண்டு கையும் மார்புக்கு முன்னே. ஆபிரிக்காவில் கமரூனின் தெற்குப் பகுதி ஃபாங் மக்களிடமிருந்து நூறு வருடத்துக்கு முன்னர் ஒரு ஜெர்மன் அதிகாரி கொண்டுவந்தது. கொண்டுவந்தது என்றுதான் பதிவேட்டில் இருந்தது. எப்படி என்று யாரும் எழுதவில்லை. அப்பாவோடு பெட்டி தூக்கிய ஒந்தோ அந்தப் பக்கத்துக்காரர். இந்த மரத்து ஆள் தனியாக இருக்கிறவர் இல்லை என்று அவர்தான் அப்பாவுக்குச் சொன்னார். மரப்பட்டைப் பெட்டிக்குள் குடும்பத்துப் பெரியவர்களின் மண்டையோடு இருக்கும். அதன் மேல் குந்தியிருந்து காவல் காக்கிறவர் இவர். பயணம் போக முன்னர், நோய் வந்தால், கலியாணம் பேசினால், பெட்டிக்குள் இருக்கிறவர்களிடம் கேட்காமல் ஒன்றும் நடக்காது. காவல்காரனுக்கு எண்ணெய் பூசிப் பூசி மரம் ஊறிப்போய்விடும். அந்த எண்ணெய் இன்னும் வற்றவில்லை. கோடை வந்தால் நெற்றியில் முத்து முத்தாகக் கசியும். பழுது பார்க்கிற அம்மையார் ஒவ்வொரு கோடையும் பஞ்சால் துடைத்துவிட்டு “அழுக்கு நீக்கப்பட்டது” என்று எழுதுவார். முதல்முறை அதைப் பார்த்த அப்பாவுக்கு ஜெர்மன் வாயில் வரவில்லை. “துடைக்காதேங்கோ” என்று தமிழிலேயே சொல்லிவிட்டாராம். யாருக்கு விளங்கும்?

உருவத்தை மேலே கண்ணாடிக்குள் கொண்டுபோக முடிவான வருடம், ஆடி அமாவாசை அன்று, அப்பா வீட்டிலிருந்து சின்னப் போத்தலில் நல்லெண்ணெய் கொண்டுபோய் அதன் நெற்றியில் வைத்தார். தன் தகப்பன் யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்து போன வழியில் செத்தபோது, கொள்ளி வைக்கப் போக முடியாமல் இங்கே அகதி முகாமில் இருந்த மனுசன் அவர். விசா இல்லாத பிள்ளைக்குத் தகப்பனின் செத்தவீடும் இல்லை. கமராவில் பிடிபட்டார். “அனுமதியின்றித் தொட்டது, பொருளை அசுத்தப்படுத்தியது” என்று கடிதம் வந்தது.

அன்றைக்குக் குசினிக்குள் நடந்து நடந்து அப்பா சொன்னது அவளுக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

“எழுது பிள்ளை. அது அழுக்கில்லை, அவருக்கு வைக்கிற காப்பு. எங்கட கோயில்ல சாமிக்கு எண்ணெய்க்காப்பு வைக்கிறேல்லையே, அதுதான். எழுதினியே? காவலுக்கு இருந்தவரை மேல கண்ணாடிக்குள்ள வைக்கினம். அவர் காத்த எலும்பைக் கீழ கடுதாசிப் பெட்டியில போட்டு நம்பர் ஒட்டி வைச்சிருக்கினம். ரெண்டையும் பிரிச்சு வைக்கிறது பாவம். ஒண்டா வையுங்கோ, இல்லாட்டி அவையின்ர சனத்திட்டக் குடுங்கோ. இதை வடிவா எழுது.”

அவள் எழுதவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தாள். உண்மையைச் சொன்னால் வெட்கமும் பட்டாள். வகுப்பில் யாருக்காவது தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? ‘நான் அறியாமையால் இப்படிச் செய்தேன். இனி நடக்காது’ என்று இரண்டே வரி.

“எல்லாம் எழுதினியே பிள்ளை?”

“ஓம் அப்பா.”

அவர் ஜெர்மன் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டார். பதில் வரும் வரும் என்று மாதக் கணக்காகத் தபால்பெட்டியைப் பார்த்தார். வாசலுக்கு மாற்றிய உத்தரவுதான் வந்தது.

ஹோல்ட்மன் பேசி முடித்து அமர்ந்தார். ஐயர் விட்ட இடத்திலிருந்து தேவாரத்தைத் தொடங்கினார். கிருசாந்தி கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாடாவை அவிழ்த்தாள். அட்டையில் இருந்த உருவத்துக்கென்று பத்துப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ‘முன்னர் அழுக்கு என்று கருதப்பட்ட எண்ணெய், உண்மையில் முன்னோருக்கான பராமரிப்பு, ஒருவகை உணவு என்பதைப் புதிய ஆய்வு காட்டுகிறது.’ புதிய ஆய்வாம்! கீழே ஒரு பேராசிரியரின் பெயர். அவள் அடுத்த பத்தியை வாசித்தாள். பிறகு இன்னொருமுறை வாசித்தாள். ‘வியப்பாக, நெற்றி வெடிப்பில் மட்டும் எள்ளெண்ணெய் கிடைத்துள்ளது. காட்டுப் பகுதி மக்களுக்கும் கடல் கடந்த வணிகர்களுக்கும் இடையே இதுவரை அறியப்படாத தொடர்பை இது சுட்டக்கூடும். இதன் சடங்குப் பொருள் மேலும் ஆராயப்பட வேண்டும்.’

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஐயர் நிறுத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கிருசாந்தி எழுந்தாள். ஜெர்மனில் பேசினாள்.

“ஃப்ராவ் டொக்டர், இந்த எள்ளெண்ணெய் கடல் கடந்து வந்ததுதான். வணிகர் கொண்டுவரவில்லை. என் அப்பா பதினேழாம் இலக்க பஸ்ஸில் கொண்டுவந்தார். அம்மாவின் குசினிப் போத்தல். உங்கள் கோப்பில் இருக்கிற ‘அசுத்தப்படுத்தல்’ இதுதான்.”

ஹோல்ட்மனின் முகம் வெளுத்தது. “கோப்பில் பொருளின் பெயர் இல்லை, இலக்கம்தான் இருந்தது. எனக்குத் தெரியாது.” பிறகு, சொல்லியிருக்கவே கூடாத ஒன்றைச் சொன்னார். “அப்படியென்றால் அந்த அத்தியாயம்… நூல் அச்சாகிவிட்டதே.”

“அத்தியாயமா? அவர் அறியாமையால் செய்யவில்லை. அந்த வார்த்தை அவருடையது இல்லை, என்னுடையது. இப்போது உங்கள் பேராசிரியர் எழுதியிருக்கிறதை அவர் அப்போதே சொன்னார். நான்தான் எழுதவில்லை. அவரிடம் வந்து கேட்க உங்களில் ஒருத்தருக்கும் கால் எழும்பவில்லை. அந்த எலும்புகள் எங்கே?”

“அவை எங்கிருந்து வந்தவை என்ற விசாரணையில் இருக்கின்றன. இதைப் பேச இது இடமில்லை. அடுத்த வாரம் ஒரு டெர்மின் வைத்து, நேரம் குறித்து…”

“இன்னும் கடதாசிப் பெட்டிக்குள்தானே?”



பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். களஞ்சியத்தை விட்டு பஸ் ஓட்டப் போன ஒந்தோ. அந்த பஸ்ஸில்தான் அப்பா வேலைக்குப் போய்வருவார்.

“அவர் செய்ததை அறிந்து நான் இரண்டு கிழமை அவரோடு பேசவில்லை” என்றார் ஒந்தோ. “பிழையான எண்ணெய். பிழையான ஆள். அந்த நெற்றியைத் தொட எங்கள் குடும்பத்தில் மூத்தவனுக்குத்தான் உரிமை. நான் கோபமாகவே இருந்திருப்பேன். ஆனால் இரண்டு கிழமை கழித்து பஸ்ஸில் ஏறி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ‘அப்ப ஆர் வைக்க வேணும், சொல்லுங்கோ, நான் அவைக்கு எழுதுறன்’ என்று. இந்த நாட்டில் வேறு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.”

அவர் முன்னே வந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். ஒந்தோ எண்ணெயில் தோய்த்த பெருவிரலை அப்பாவின் நெற்றியில் அழுத்தித் தேய்த்தார். ஹெர் பெக் இந்தமுறை குறுக்கே கையை நீட்டவில்லை.

கிருசாந்தி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், பேராசிரியரின் பெயருக்குப் பக்கத்திலேயே, ஜெர்மனில் எழுதத் தொடங்கினாள். அது அழுக்கில்லை, காப்பு. காவல்காரரையும் அவர் காத்தவர்களையும் பிரித்து வைப்பது பாவம். ஒன்றாக வையுங்கள், அல்லது அவர்களின் சனத்திடம் கொடுங்கள். சொன்னவர் அரியரத்தினம். எழுதியவர் மகள், பதினேழு வருடம் பிந்தி. எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையினுடையதுபோல் இருந்தது. புத்தகத்தை மூடி ஹோல்ட்மனின் கையில் வைத்தாள்.

“இதையும் அவருடைய கோப்பில் போடுங்கள்.”

ஹோல்ட்மன் வாங்கினார். என்ன செய்வார் என்று யாருக்குத் தெரியும்? வாங்கினார், அவ்வளவுதான்.

ஹெர் பெக் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிடம். வாய்க்கரிசி அவசர அவசரமாக முடிந்தது. மூடியைத் தூக்க நாலு பேர் வந்தபோது கிருசாந்தி “கொஞ்சம் பொறுங்கோ” என்றாள். அம்மாவின் கைப்பைக்குள் இருந்த போத்தலை எடுத்தாள். சொட்டுக் கணக்குப் பார்க்காமல் உள்ளங்கை நிறைய ஊற்றி, அப்பாவின் நெற்றியில், நரைத்த தலைமயிரில், காதோரத்தில் தேய்த்தாள். சின்ன வயதில் சனிக்கிழமை தோறும் அவர் அவளுக்குத் தேய்த்த மாதிரித்தான். பிறகு இன்னொரு கை. போத்தல் முடிந்தது.

மூடி போட்டார்கள். திருகாணி இறுக்கினார்கள். சில்லு வைத்த மேடையில் பெட்டி தகன அறைக் கதவை நோக்கி மெல்ல நகர்ந்தது. கதவுக்கு ஓரடி இருக்கும்போது ஹெர் பெக் மேடையை நிறுத்தினார்.

தலைமாட்டுப் பக்கம், இரண்டு பலகை பொருந்துகிற இடத்தில், வெள்ளை மரத்தில் ஒரு கறை மெல்ல விரிந்தது. அதன் நடுவே ஒரு துளி எண்ணெய் திரண்டு நின்றது. அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த வெள்ளைத் துணியை எடுத்துக் குனிந்தார்.

காலையிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசாத அம்மா கதிரையை விட்டு எழும்பினாள்.

“துடைக்காதேங்கோ” என்றாள்.

அவருக்குத் தமிழ் தெரியாது. துணியைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு அதைத் திரும்ப மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கதவு திறந்தது.